பீட்டில் மலையேறும்போது சூடாவது எதனால்?

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏறும் பாதையில் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் ஓரங்கட்டி நின்றால் யாராவது தண்ணீர்க் குடத்தோடு வந்துவிடுவார்கள். ரேடியேட்டரே இல்லாத வண்டி அது. கொதிக்கும் ஹெட்டில் (சிலிண்டரின் மூடியில்) தண்ணீர் ஊற்றினால் விரிசல்தான் மிஞ்சும். அணைத்துவிட்டு ஆறவிடுங்கள்.

கம்பம் பக்கத்துப் பட்டறைக்கு வந்ததும் உரிமையாளர் கேட்பது கூடுதல் ஆயில் கூலர். அதைக் கடைசியில் யோசிக்கலாம், முதலில் தகரத்தைப் பார்க்க வேண்டும். டைனமோ தண்டில் சுற்றும் ஃபேனின் காற்றை, சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின்களுக்குள் (சூட்டை வெளியேற்றும் மெல்லிய விளிம்புகளுக்குள்) செலுத்துவது அந்தத் தகரங்கள்தான். எப்போதோ இன்ஜின் இறக்கியவர், சிலிண்டருக்கு அடியிலுள்ள சின்னத் தகடுகளைத் தேவையில்லை என்று மூலையில் போட்டிருப்பார். அவை இல்லாவிட்டால் காற்று ஃபின்னைத் தொடாமலே நழுவிவிடும். இன்ஜின் அறையைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் கிழிந்திருந்தால், கீழே வெளியேறிய சூட்டையே ஃபேன் திரும்ப உறிஞ்சும். ஏலத்தோட்டத்தில் நிற்கும் வண்டியென்றால் ஃபேன் கூட்டுக்குள் எலிக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டைனமோவையும் ஃபேனையும் சுற்றவைக்கும் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 15 மி.மீ. இறங்க வேண்டும். தொய்வு அதிகமென்றால் புல்லியின் இரு பாதிகளுக்கு நடுவிலிருந்து ஒரு ஷிம்மை (மெல்லிய வளையத் தகட்டை) எடுத்து வெளிப்பக்கம் போட்டு முடுக்குங்கள். தொலைக்காதீர்கள், புது பெல்ட் மாட்டும்போது அது வேண்டும்.

இடப்பக்கம், வண்டியின் முன்பக்கத்தை ஒட்டியிருப்பது 3ஆம் சிலிண்டர். 1971 மாடலுக்கு முந்தைய இன்ஜின்களில் ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளேயே, இதன் காற்றை மறித்து நிற்கும். எக்ஸாஸ்ட் வால்வு முதலில் போவது இங்கேதான். இரவு முழுக்க ஆறிய இன்ஜினில் டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவிலுள்ளது) 0.15 மி.மீ. வையுங்கள். ஒவ்வொரு முறையும் இந்த ஒரு வால்வில் மட்டும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் வால்வு நீள்கிறது, அல்லது வால்வு உட்காரும் சீட் உள்ளே இறங்குகிறது. ஹெட்டைக் கழற்றிவிடுவது நல்லது. வால்வின் தலை உடைந்து விழுந்தால் பிஸ்டனும் போகும்.

டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள பாயிண்ட் இடைவெளியை 0.4 மி.மீ. வைத்த பிறகே டைமிங் (பிளக்கில் பொறி பறக்கும் நேரம்). மாற்றிச் செய்தால் டைமிங் நகர்ந்துவிடும். இப்போதைய 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் கலவை வறண்டுபோவதால் (காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லாததால்) சூடு கூடுகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் மெயின் ஜெட் 125 இருந்தால் 130 போட்டு, பிளக் நிறத்தைப் பாருங்கள். சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் கலவையில் பெட்ரோல் இன்னும் போதவில்லை, அல்லது கலவை இன்ஜினுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டில் காற்று கசிகிறது. ஆயில் 2.5 லிட்டர், மாற்றும்போது இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பிலுள்ள சல்லடையையும் கழுவுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் மூன்றாம் கியரில் முனகிக்கொண்டே மலையேற்றினால் சூடாகத்தான் செய்யும். இன்ஜின் சுற்றும் வேகம்தான் ஃபேனின் வேகத்தைத் தீர்மானிக்கிறது, இரண்டாவதுக்கு இறக்குங்கள். ஓடும்போது சார்ஜ் விளக்கு எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம், அடுத்த வளைவு வரை இழுக்காமல் உடனே நிறுத்துங்கள்.