தூக்கம் கலைய இருபது நிமிடம்

பைலட்டுக்குக் களைப்பு என்றதும் அவர் காக்பிட்டில் தூங்கிவிடுவாரோ என்றுதான் பயப்படுகிறோம். தூங்கி எழுந்தபின் வரும் ஆபத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, அந்த ஆபத்தில் சிக்கிய விமானம். போயிங் 737-800. உள்ளே இருந்த 166 பேரில் 158 பேர் இறந்துபோனார்கள்.

காக்பிட் குரல்பதிவுக் கருவியில் கடைசி இரண்டு மணி நேரச் சொச்சம் கிடைத்தது. அதில் முதல் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகக் கேப்டனின் பேச்சே இல்லை. ஆழ்ந்த மூச்சும் குறட்டையும்தான். பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். முந்தைய இரவு மங்களூரிலிருந்து கிளம்பி, துபாய் போய், அதே இரவே திரும்ப வேண்டிய டியூட்டி. காலை ஆறு மணி வாக்கில் தரையிறக்கம்.

இந்த நேரக்கணக்கு முக்கியம். இரவு இரண்டு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் நடுவில் உடலின் வெப்பநிலை இறங்கிவிடும். கவனமும் அதோடு சேர்ந்து இறங்கும். பகலில் படுத்து எழுந்துவிட்டு வந்தாலும் இந்தப் பள்ளம் முழுசாக நிரம்பாது. அந்த நேரத்தில் அரை மணிக்கு மேல் தூங்கினால் ஆழ்ந்த உறக்கத்துக்குள் போய்விடுவோம். அதிலிருந்து எழுப்பினால் கண் திறக்கும், கை வேலை செய்யும், பழகிய வாசகங்கள் வாயில் வரும். ஆனால் நிலைமையை எடைபோட்டு முடிவை மாற்றும் மூளைப்பகுதிதான் கடைசியாக விழிக்கும். விடியற்காலையில் அலாரத்தை அணைத்துவிட்டு, அணைத்ததே நினைவில்லாமல் மறுபடி தூங்கிப்போகிறோமே, அதே நிலைதான்.

இனி இறங்கும் கணக்கைப் பாருங்கள். மூன்று டிகிரி சரிவில் இறங்க, ஒரு கடல் மைலுக்குச் சுமார் 300 அடி. 37,000 அடியிலிருந்து இறங்க ஏறக்குறைய 120 கடல் மைல் வேண்டும். மங்களூர் ரேடார் அன்று பழுது. அதனால் அனுமதி தாமதமானது, இறங்க அனுமதி கிடைத்தபோது ஏறத்தாழ 80 கடல் மைல்தான் மீதி. ஆரம்பத்திலேயே 12,000 அடி கூடுதல். இது திருத்த முடியாத கோளாறு இல்லை. இறக்கைமேல் எழும்பி வேகத்தைக் குறைக்கும் ஸ்பீட்பிரேக்கைத் திறக்கலாம், லேண்டிங் கியரை முன்கூட்டியே இறக்கலாம், உயரம் குறைக்க ஒரு வட்டமடிக்க அனுமதி கேட்டு வாங்கலாம். தெளிவான தலைக்கு இது அன்றாட வேலை. அன்று விமானம் உயரமாகவே வந்து, ரன்வேக்கு வழிகாட்டும் ரேடியோ அமைப்பான ஐஎல்எஸ்-இன் பொய்யான சரிவு சிக்னலைப் பிடித்துக்கொண்டது. இருக்க வேண்டியதைவிட ஏறக்குறைய இருமடங்கு உயரம்.

ரன்வேக்குச் சுமார் இரண்டரை மைல் இருக்கும்போதுதான் அது புரிந்தது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் ரன்வே எதிரே தெரியாது, காலடியில் கிடக்கும். கோ-பைலட் கோ-அரவுண்ட் சொன்னார், அதாவது இறங்காமல் மேலெழும்பி மறுபடி வரலாம் என்று. ஒரு முறை அல்ல, மூன்று முறை. கேப்டன் ஆட்டோபைலட்டை விலக்கி மூக்கை இன்னும் கீழே அழுத்தினார். இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 4,000 அடி வரை போனது. கடைசிக் கட்டத்தில் 1,000 தாண்டினாலே தரையிறக்கத்தைக் கைவிட வேண்டும். 'சிங்க் ரேட்' (இறங்கும் வேகம் அதிகம்), 'புல் அப்' (மேலே எழுப்பு) என்று எச்சரிக்கைக் குரல் கத்திக்கொண்டே இருந்தது. ரன்வே முனையை 50 அடி உயரத்தில், 144 நாட் (மணிக்கு 144 கடல் மைல்) வேகத்தில் கடக்க வேண்டியவர்கள், சுமார் 200 அடி உயரத்தில் 160 நாட்டுக்கு மேல் கடந்தார்கள். 8,033 அடி ரன்வேயில் சக்கரம் பட்டது சுமார் 5,200 அடி தாண்டி. அதற்குப் பிறகும் பிரேக்கை முழுசாக மிதித்திருந்தால் நின்றிருக்கும் என்பது போயிங்கின் கணக்கு. கேப்டனோ எஞ்சின் உந்துதலை எதிர்த்திசையில் திருப்பி விமானத்தை நிறுத்த உதவும் ரிவர்சரைத் திறந்தபின் மறுபடி மேலே எழும்ப முயன்றார். ரிவர்சர் திறந்தால் நின்றே ஆக வேண்டும் என்பது எந்த பைலட்டுக்கும் தெரிந்த விதி. தெரிந்தது கைக்கு வரவில்லை.

ஏர் மார்ஷல் பி. என். கோகலே தலைமையிலான விசாரணைக் குழு, நீண்ட தூக்கத்தையும் அதன் பின்னான மந்தத்தையும் காரணங்களில் வைத்தது. கோ-பைலட் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்காததையும் சுட்டியது. வாயால் சொன்னதற்குச் சரியான பதில் வராவிட்டால் இரண்டாவது தடவையோடு கட்டுப்பாட்டை எடுத்துக்கொள் என்று இன்று சிமுலேட்டரில் பழக்குகிறார்கள். அந்தஸ்தில் மேலிருப்பவரிடம் அதைச் செய்யும் துணிவு ஒரு பயிற்சியில் வந்துவிடாது. திரும்பத் திரும்பப் பழக்கியாக வேண்டும்.

காக்பிட்டில் கொஞ்சம் கண்ணயர்வது தவறா? முறையாகச் செய்தால் இல்லை. ஒருவர் மட்டும். வேலை குறைந்த க்ரூஸில், அதாவது ஒரே உயரத்தில் பறக்கும் கட்டத்தில் மட்டும். கேபின் குழுவிடம் சொல்லி, குறித்த நேரத்தில் இன்டர்காமில் அழைக்கச் சொல்ல வேண்டும். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிப் பெல்ட் போட்டுக்கொள்ள வேண்டும், தூக்கத்தில் கை கட்டுப்பாட்டில் படக்கூடாது. 45 நிமிடத்துக்கு மேல் கூடாது. எழுந்தபின் 20 நிமிடம் விமானத்தை அவர் கையில் கொடுக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் டிஸ்சென்ட் பிரீஃபிங், அதாவது எப்படி இறங்குவது என்று இருவரும் பேசிக்கொள்வது. நாசா 1994-இல் வெளியிட்ட ஆய்வில் 40 நிமிட வாய்ப்பு கொடுத்தபோது பைலட்டுகள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள், அதன் பின் விழிப்பு தெளிவாகவே கூடியிருந்தது. மங்களூரில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

ஆனால் இதெல்லாம் கடைசி நேரக் கைமருந்து. மருந்து ரோஸ்டரில், அதாவது டியூட்டி அட்டவணையில்தான் இருக்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நம் நாட்டில் மதுவுக்கு மூச்சுச் சோதனை உண்டு, துளி இருந்தாலும் பறக்க முடியாது. களைப்பை அளக்க அப்படியொரு கருவி இல்லை. அதைவிட மோசம், களைத்தவருக்குத் தன் களைப்பின் அளவு தெரியாது. அதனால்தான் 'உங்களால் முடியுமா' என்று பைலட்டைக் கேட்டு இதைத் தீர்க்க முடியாது, மணிக்கணக்கை வெளியிலிருந்து யாராவது விதிக்க வேண்டும்.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ 2024 ஜனவரியில் அறிவித்த விதிகள் அந்தக் கணக்கைத் திருத்தின: வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி, இரவு என்பது ஐந்து மணிக்குப் பதில் ஆறு மணி வரை, இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டு. முழுசாக அமலுக்கு வர 2025 நவம்பர் ஆயிற்று. அடுத்த மாதமே பைலட் பற்றாக்குறையால் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாக, அந்த நிறுவனத்துக்கு இரவு விதிகளில் தற்காலிகத் தளர்வு தரப்பட்டது. பயணிகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதற்காகத் தளர்த்தியது இரவு விதியை என்பதுதான் மனதை உறுத்துகிறது. மங்களூர் விமானம் இரவு டியூட்டியின் முடிவில் இறங்கியது காலை 6:05-க்கு.