பாணி

2023 மார்ச்சில் சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் நாலு பீகார் பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். டைல்ஸ் வேலை. ஒருநாள் காலையில் அதில் சின்னவன் எங்கள் வாசலுக்கு வந்து செல்போனை நீட்டினான். தமிழ்நாட்டில் வடக்கத்திக்காரர்களை வெட்டுகிறார்கள் என்று ஒரு வீடியோ. "அக்கா, நிஜமா?" என்றான்.

பொய் என்று டிஜிபி சைலேந்திர பாபு அறிவித்துவிட்டார், முதல்வர் ஸ்டாலின் நிதிஷ் குமாரிடம் போனில் பேசினார், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே நேரில் வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலையாட்டினான். ஆனாலும் ஹோலியைச் சாக்கு வைத்து நாலு பேரும் ஜங்ஷனுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அரசாங்கம் வேகமாகத்தான் பேசியது, அது சரி. ஆனால் பேசியதெல்லாம் அவர்களிடம், பயப்படாதே என்று. எங்கள் தெருவிடம் யாரும் பேசவில்லை. 'இவனுங்க வந்துதான் கூலி விழுந்துச்சு' என்று டீக்கடையில் தினமும் ஒரு பேச்சு. கூலியைக் குறைத்துக் கொடுப்பது யார், சட்டப்படி குறைந்தபட்சம் எவ்வளவு தரவேண்டும் என்று தமிழில் ஒரு தட்டி வைத்திருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன்.

அடுத்த மாதமே குஜராத்தின் சோமநாதில் சௌராஷ்டிர தமிழ்ச் சங்கமம் என்று அரசாங்க விழா. நாங்கள் சௌராஷ்டிரர்கள், பல தலைமுறைக்கு முன் குஜராத் பக்கமிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள். அப்பா கடைசிவரை வெண்பட்டு வேட்டி நெய்தவர். நம் பேச்சைப் பற்றி டிவியில் சொல்கிறார்களே என்று அம்மா கண் கலங்கினார். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பூர்வீகத்துக்குத் திரும்புகிறோம் என்று சொந்தக்காரர்கள் பேசியது எனக்கு உறுத்தியது. ஆடியில் கோட்டை மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுக்கிற அம்மாவுக்குச் சேலம்தான் ஊர். அப்புறம், 2011 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள் 2,47,702 பேர். அந்த எண்ணிக்கையைக் குஜராத்திக்குக் கீழேதான் சேர்த்திருக்கிறார்கள். அரசியலமைப்பு அங்கீகரிக்கும் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் எங்கள் மொழி இல்லை. விழா எடுப்பவர்கள் இதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஜூனில் இரண்டு பையன்கள் திரும்பி வந்தார்கள். மூட்டையை இறக்கியதும் சின்னவன் வாசலில் நின்று "பானி" என்று கேட்டான். உள்ளேயிருந்து அம்மா, "நம்ம பேச்சுலயும் பாணிதான்டா" என்று செம்பைக் கொண்டுவந்தார். அதன் பிறகு அவனிடம் தமிழே பேசுவதில்லை, சௌராஷ்டிரத்தில்தான் விசாரிக்கிறார். பாதி புரிகிறது அவனுக்கு.

மற்ற இரண்டு பேரும் வரவில்லை. அவர்கள் விட்டுப்போன நீல வாளி எங்கள் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அம்மா அதை யாரையும் எடுக்கவிடுவதில்லை.