சீழ்க்கட்டியில் மரப்பு ஊசி ஏன் பிடிப்பதில்லை?

கட்டியைக் கீறும்போது ஊசி போட்டும் நோயாளி துடித்தால், பலரும் மருந்து மட்டம் என்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு ஊசி போட்ட இடத்தில்தான்.

லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து, வலிச் செய்தியைக் கடத்த உதவும் நரம்பின் சோடியம் வாய்க்காலை உள்பக்கமிருந்து அடைக்கிறது. மின்னூட்டமில்லாத மூலக்கூறுகள்தான் கொழுப்புச் சவ்வைத் தாண்டி உள்ளே போகும். மருந்தின் பிகேஏ, அதாவது மூலக்கூறுகளில் பாதி மின்னூட்டமில்லாமல் இருக்கும் பிஎச் (அமில-கார அளவு), 7.9. திசுவின் பிஎச் 7.4 என்றால் ஏறக்குறைய கால்பங்கு மின்னூட்டமில்லாமல் இருக்கும். சீழ் பிடித்த இடம் அமிலமாகி 6.4க்கு இறங்கினால் வெறும் 3%. போதாததற்கு, சிவந்து வீங்கிய இடத்தில் பாயும் ரத்தம் மருந்தை அடித்துக்கொண்டு போய்விடும்.

ஆகவே சீழுக்குள் ஊசியை இறக்காதீர்கள். விரல் நுனிக் கட்டி என்றால் விரலின் அடியில், இருபக்க நரம்புகளுக்கும் 1% லிக்னோகெய்ன் பக்கத்துக்கு 1 முதல் 2 மி.லி. போடுங்கள். 5 முதல் 10 நிமிடம் பொறுத்து, ஊசிமுனையால் குத்திப் பார்த்த பிறகே கத்தி. முதுகு, தொடைக் கட்டிக்குச் சிவப்புக்கு வெளியே, நல்ல தோலில் சுற்றிவரப் போட வேண்டும். இந்தப் பொறுமை இல்லாமல்தான் பல ஊசிகள் வீணாகின்றன.

பிடிக்கவில்லை என்று மேலும் மேலும் ஏற்றுவதுதான் எனக்குப் பெரிய கவலை. 2% என்றால் மி.லி.க்கு 20 மி.கி. 30 மி.லி. குப்பியில் 600 மி.கி. இருக்கிறது. அட்ரினலின் சேராத மருந்துக்கு உச்ச வரம்பு கிலோவுக்கு 4.5 மி.கி.; 60 கிலோ ஆளுக்கு 270 மி.கி., அதாவது 13.5 மி.லி. பாதிக் குப்பிகூட இல்லை! 12 கிலோ குழந்தைக்கு 2.7 மி.லி.தான். அதிக இடம் மரக்க வேண்டுமானால் சலைன் சேர்த்து 1% ஆக்குங்கள், அதே மி.கி.யில் இரண்டு மடங்கு அளவு கிடைக்கும்.

ஒவ்வொரு முறையும் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பாருங்கள். நோயாளியிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். உதடு மரக்கிறது, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல் என்றால் மருந்து ரத்தத்தில் அதிகமாக ஏறியிருக்கலாம், உடனே நிறுத்துங்கள்; அடுத்து வலிப்பு வரலாம். ஆளைக் கூப்பிட்டு, ஆக்சிஜன் கொடுத்து, வலிப்புக்கு மிடாசோலம் போடுங்கள். நிலைமை மோசமானால் 20% கொழுப்புக் குழம்பு (லிப்பிட் எமல்ஷன்), கிலோவுக்கு 1.5 மி.லி., 2 முதல் 3 நிமிடத்தில் சிரை (ரத்தக்குழாய்) வழியே ஏற்ற வேண்டும்: 60 கிலோவுக்கு 90 மி.லி. அந்தப் பாட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை முதல் ஊசிக்கு முன்பே பார்த்து வையுங்கள்.