மலையை விட்டு இறங்கிப்போன ஊர்

ஓட்டன் ஊரிலிருந்து மோன் பெவ்ரே மலை சுமார் 25 கிலோமீட்டர்தான். நான் போன அன்று அந்தப் பக்கம் பஸ் எதுவும் கிடைக்கவில்லை. விடுதிக்கார அம்மா ஒரு டாக்ஸிக்குப் போன் போட்டுக் கொடுத்தார். வழி நெடுக வெள்ளை மாடுகள் மேயும் புல்வெளி. அப்புறம் காடு வந்தது, கூடவே பனிமூட்டமும்.

பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் உள்ள மோர்வான் மலைகளில் ஒன்று இது. உயரம் 821 மீட்டர். பழங்காலத்தில் இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த கௌல் மக்களில் ஓர் இனம் ஏதுயி. அவர்களின் தலைநகரமான பிப்ராக்ட் இதன் மேல்தான் இருந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கொல்லர்களும் வியாபாரிகளும் பிரபுக்களும் வாழ்ந்த ஊர். இப்போது பீச் (beech) என்ற காட்டு மரங்கள்தான் அங்கே குடியிருக்கின்றன.

சாலை நேராக ரெபூ வாசலுக்குக் கொண்டுபோய் விடுகிறது. அகலம் கிட்டத்தட்ட 20 மீட்டர். இரண்டு பக்கமும் மதில் உள்நோக்கி மடங்குகிறது. அதில் ஒரு பகுதியைப் பழைய முறைப்படியே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, சேரும் இடங்களில் இரும்பாணி அறைந்து, மண்ணும் கல்லும் நிரப்பி, முகப்பில் கல்லை அடுக்கிக் கட்டிய மதில். கல்லுக்கு நடுவே கட்டைகளின் தலைகள் வரிசையாகத் தெரிகின்றன. ஒன்றைத் தொட்டேன். பனியில் நனைந்து சில்லென்று இருந்தது.

அந்த ஆணியை அருங்காட்சியகத்தில் கிட்டத்தில் பார்த்தேன். என் கையின் ஒரு சாணைவிட நீளம். நாலு பக்கமும் பட்டையாகத் தட்டியது. ஒவ்வொன்றையும் ஒரு கொல்லன் தனித்தனியாகக் காய்ச்சி அடித்திருக்க வேண்டும். உள் மதிலின் சுற்றளவு மட்டும் 5 கிலோமீட்டருக்கு மேல், அது வளைத்திருக்கும் நிலம் 135 ஹெக்டேர். எத்தனை ஆயிரம் ஆணி, எத்தனை உலை, எவ்வளவு மரம்! 'காட்டுமிராண்டிகள்' என்று ரோமானியர் சொன்ன மக்கள் கட்டிய மதில் இது. அந்த ஆணி முன்னால் வெகுநேரம் நின்றிருந்தேன்.

கி.மு. 58-இல் இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர் ஹெல்வெத்தியர் என்ற இன்னோர் இனத்தாரைத் தோற்கடித்தார். ஏதுயி மக்கள் அப்போது ரோமின் நண்பர்கள். கி.மு. 52-இல் அவர்களும் ரோமுக்கு எதிரான கௌல் கிளர்ச்சியில் சேர்ந்தார்கள். கௌல் படைகள் அனைத்துக்கும் வெர்சிஞ்ஜெட்டோரிக்ஸ்தான் தலைவன் என்று கூடி முடிவு செய்த இடம் பிப்ராக்ட். சில மாதங்களில் அலேசியா என்ற இடத்தில் சீசரிடம் தோற்று எல்லாம் முடிந்துபோயிற்று. அந்தக் குளிர்காலத்தைச் சீசர் எங்கே கழித்தார் தெரியுமா? இதே மலையில். கௌல் போர் பற்றிய தன் குறிப்புகளை இங்கே தங்கியிருந்தபோது எழுதினார் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

நான் எதிர்பார்த்தது எரிந்த ஊரின் தடயங்களை. மேலே ஏறினால் கதை வேறு. தோற்ற கொஞ்ச காலத்திலேயே ஊர் நடுவில் ரோமானிய பாணியில் தூண் வரிசையோடு ஒரு பசிலிக்கா எழுந்திருக்கிறது. அதாவது வழக்கும் வியாபாரமும் பேசுகிற பொதுக்கூடம். குதிரைப் பூங்கா என்று இன்று அழைக்கும் மேட்டில், திறந்த முற்றம் வைத்த பெரிய ரோமானிய வீடுகள். அவற்றில் குடியிருந்தவர்கள் ஏதுயி பிரபுக்களாகவே இருக்க வேண்டும். மர வீட்டை இடித்துவிட்டுக் கல் வீடு கட்டிக்கொண்டவர்கள்.

ஆனால் ரோமின் ருசி தோல்விக்கு முன்னாலேயே மலையேறிவிட்டது. இத்தாலிய ஒயின் வந்த ஆம்போரா சாடிகளின் துண்டுகள் இங்கே குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. நம் அரிக்கமேட்டிலும் இத்தாலியச் சாடித் துண்டுகள் உண்டே என்று நினைத்துக்கொண்டேன்.

என்னை அசைத்தது தெரு நடுவில் இருக்கும் தொட்டி. இளஞ்சிவப்புக் கருங்கல்லில் படகு வடிவம், நீளம் சுமார் 10 மீட்டர். இரண்டு வட்டங்களின் வில்லை வெட்டிச் சேர்த்த மாதிரி அத்தனை துல்லியம். கல்லுக்குக் கல் இழைந்து நிற்கிறது. எதற்காகக் கட்டினார்கள் என்பதில் ஒருமித்த கருத்து கிடையாது. எனக்கு அது சாமி காரியமாகத்தான் பட்டது.

இந்த மலைதான் பிப்ராக்ட் என்று பிடிவாதமாக நின்றவர் புல்லியோ என்ற ஓட்டன் ஒயின் வியாபாரி. ஓட்டனே பழைய பிப்ராக்ட் என்று படித்தவர்கள் பலர் நம்பிய காலம் அது. 1867-இலிருந்து 1895 வரை இங்கே தோண்டிக்கொண்டே இருந்தார். பிறகு அவருடைய சகோதரி மகன் தெஷெலெத் தொடர்ந்தார். அவர் 1914-இல் முதல் உலகப்போரில் உயிரிழந்தார். அதன் பிறகு மலை பல பத்தாண்டுகள் தூங்கியது. 1984-இல்தான் மறுபடி அகழாய்வு தொடங்கியது.

இறங்கும் வழியில் பழைய பீச் மரங்கள். ஒரு காலத்தில் விவசாயிகள் வேலிக்காகக் கிளைகளை வளைத்துப் பின்னிவிட்டவை. வேலி போய்விட்டது, வளைவு மட்டும் மரத்தோடு வளர்ந்து, மலைப்பாம்பு போலத் தரையோடு புரண்டு கிடக்கிறது. பாசி பிடித்த அடிமரத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன ரொட்டியைச் சாப்பிட்டேன். பனி விலகிக் கீழே சமவெளி தெரிந்தது.

அந்தச் சமவெளிக்குத்தான் ஊர் போயிற்று. அகஸ்டஸ் காலத்தில் ஓட்டனைப் புதிதாகக் கட்டினார்கள். சில பத்தாண்டுகளில் மலை காலியானது. புது ஊருக்கு வைத்த பெயர் அகஸ்டோடுனம். 'டுனம்' என்றால் கௌல் மொழியில் கோட்டை. முதல் பாதி ரோமானிய அரசனுக்கு, இரண்டாம் பாதி விட்டு வந்த மலைக்கு.

சாயங்காலம் ஓட்டனில் ஆரூ வாசலுக்குப் போனேன். ரோமானியர் காலத்து வாசல். வண்டிகளுக்கு இரண்டு பெரிய வளைவு, நடப்பவர்களுக்கு ஓரத்தில் இரண்டு சின்ன வளைவு. செருப்பில் இன்னும் மலைமண் ஒட்டியிருந்தது. சின்ன வளைவு வழியாக ஊருக்குள் நடந்தேன்.