அவள் அதை எழுதிக்கொண்டாள்

"நீங்க பதினாறு வயசுல இதைப் படிச்சிருந்தா, எந்த முடிவு வேணும்னு ஆசைப்பட்டிருப்பீங்க, மேடம்?" என்று அவள் கேட்டாள். அவளுடைய முதல் நாவலுக்கு நான் எடிட்டர். நான் யோசிக்காமல், "அழுதிருப்பேன்மா. அழவெச்ச கதைதான் மனசுல நிக்கும்" என்றேன். அவள் தலையசைத்துவிட்டுக் கையிலிருந்த குறிப்பேட்டில் அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டாள். இது நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நான் சொன்னது சரியா தவறா என்று எனக்குள் வாதாடிக்கொள்ள முடிகிறது. ஆனால் அவள் அதை எழுதிக்கொண்டதை மட்டும் எந்த வாதத்தாலும் கடந்துபோக முடியவில்லை. ஏனென்றால் அவள் கேட்ட கேள்விக்கு அது பதிலே அன்று. அவள் கேட்டது, எந்த முடிவுக்கு ஆசைப்பட்டிருப்பீர்கள் என்று. நான் சொன்னது, எந்த முடிவு நினைவில் நிற்கும் என்று. இரண்டும் ஒன்றுபோல ஒலித்ததால் இருவருமே கவனிக்கவில்லை.

அவளுடைய நாவலில் வரும் பெண்ணுக்கு நிலத்தடி நீரோட்டம் காதில் கேட்கும். அவள் காட்டுகிற இடத்தில் தோண்டினால் ஊற்றுத் தப்பாது. ஆனால் ஒவ்வொரு ஊற்றுக்கும் விலையாக அவளுடைய நினைவுகளில் ஒன்று போய்விடும். எது போகும் என்பது அவள் கையில் இல்லை. கிணறு வெட்டுகிற ஒருவன் அவளோடு ஊர் ஊராகப் போகிறான். அவள் எதையாவது மறக்கும்போதெல்லாம் தன் வாளிக் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டுவைத்து, இரவில் அந்த முடிச்சைத் தொட்டுக் காட்டி, அவள் இழந்ததை அவளுக்கே கதையாகச் சொல்கிறான். காதல் அந்த முடிச்சுகளின் வழியாகத்தான் வளர்கிறது. முதல் வரைவின் இறுதியில் மலைக்கடியில் உள்ள பெரிய ஊற்றை அவள் திறக்கிறாள். திறந்தும் எதையும் இழக்கவில்லை. காதல் அவளைக் காத்துவிட்டது என்று கதை முடிந்தது.

அங்கேதான் நான் பென்சிலை எடுத்தேன். இருநூற்றைம்பது பக்கங்களாக ஒரு விதியை ஊன்றிவிட்டு, கடைசிப் பத்துப் பக்கத்தில் எழுதியவரே அதைப் பிடுங்கி எறியக் கூடாது என்று ஓரத்தில் குறித்தேன். நேரில் பேசும்போது அமெரிக்க மாயக்கதை எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சனையும் துணைக்கு அழைத்தேன். மாயத்தைக் கொண்டு ஒரு சிக்கலைத் தீர்க்கும்போது வாசகருக்குக் கிடைக்கும் நிறைவு, அந்த மாயம் இயங்கும் முறை அவருக்கு முன்பே எந்த அளவுக்கு விளங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று அவர் 2007இல் ஒரு கட்டுரையில் எழுதியதை எடுத்துச் சொன்னேன். விளக்கப்படாத மாயத்துக்கும், அது தரும் வியப்புக்கும் அதே கட்டுரையில் அவர் இடம் கொடுத்திருக்கிறார் என்பதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. எனக்கு அப்போது தேவைப்பட்ட பாதி மட்டும் நினைவுக்கு வந்தது. ஆகவே நாயகி மறந்தாக வேண்டும், அதுவும் அவனையே மறந்தாக வேண்டும் என்றேன். அப்போதுதான் எழுதியவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

உண்மையில் பதினாறு வயதில் நான் எதைப் படித்தேன்? வேதியியல் ரெக்கார்டு நோட்டுக்குள் மாத நாவலை ஒளித்துவைத்துப் படித்தேன். நாயகன் முதல் அத்தியாயத்தில் சிடுசிடுப்பான், நாயகி சுயமரியாதையோடு ஒதுங்குவாள், நடுவில் யாரோ ஒரு அத்தை கிளப்பிவிட்ட சந்தேகம் இருவரையும் பிரிக்கும், கடைசிப் பக்கத்தில் சேர்ந்துவிடுவார்கள். அட்டையைப் பார்த்தபோதே தெரிந்துவிட்ட முடிவுக்காக இரவு இரண்டு மணிவரை விழித்திருந்திருக்கிறேன். அழவைக்கும் கதையை நான் ஒருநாளும் தேடிப் போனதில்லை. முடிவு கைவிடாது என்ற உறுதி இருந்ததால்தான் நடுவில் வரும் துன்பங்களை எல்லாம் அச்சமின்றி அனுபவிக்க முடிந்தது. பணியில் நான் பெற்ற ரசனை, பதினாறு வயதுப் பெண்ணின் குரலைத் தனதென்று சொல்லிக்கொண்டு அவளுக்கு முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டது.

இருந்தாலும் எனக்காக நானே ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டும். இளையோருக்கான மாயக் கதைகளில் என்னிடம் வரும் கைப்பிரதிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் உடைகின்றன: காதலர் இருவரும் பேசத் தொடங்கியதும் அந்த உலகம் நின்றுவிடுகிறது. படை வருகிறது என்று முன் அத்தியாயத்தில் சொன்னவர்கள் இந்த அத்தியாயத்தில் நிலவொளியில் ஒருவர் கண்ணை ஒருவர் வருணித்துக்கொண்டிருப்பார்கள். படையும் நாகரிகமாக எல்லையில் காத்திருக்கும். நாயகனுக்குத் தோள் அகலத்தைத் தவிர வேறு தொழில் இருக்காது. நாயகியின் அபூர்வ ஆற்றல் முதல் ஐம்பது பக்கங்களில் பூகம்பம் எழுப்பும். காதல் வந்தபின் அவளைக் காப்பாற்ற ஆள் தேவைப்படும். இவளுடைய கைப்பிரதியில் அந்தக் குறை இல்லை. ஆற்றலும் காதலும் ஒரே கயிற்றில் முடிச்சுப் போட்டிருந்தன. அவள் ஒன்றைப் பயன்படுத்தினால் மற்றொன்றுக்கு ஆபத்து. அவ்வளவு கச்சிதமாகக் கட்டிய ஒன்றை இறுதியில் அவிழ்த்துவிடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்குக் கூலி கொடுப்பவருக்கும் அவளுக்கும் செய்யும் துரோகம் என்றே அன்று நினைத்தேன். இன்றும் ஓரளவு அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் கட்டு இரண்டு வாக்குறுதிகளால் ஆனது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. காதல் புதினம் என்றால் காதல் கதை மையமாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் காதல் புதின எழுத்தாளர் சங்கம் வகுத்துவைத்திருக்கும் இலக்கணம். மாயக் கதையோ தன் விதிக்கு விசுவாசமாக இருக்கச் சொல்கிறது. இரண்டையும் கலந்து எழுதுகிறவர் இரண்டு பேரிடம் ஒரே நிலத்துக்கு முன்பணம் வாங்கியவரைப் போன்றவர். நான் ஒருவருக்கு மட்டும் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொன்னேன்.

சோகமாக முடித்தால் வாசகர் கோபிப்பார் என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. அமெரிக்க எழுத்தாளர் வெரோனிகா ராத் இளையோருக்காக எழுதிய மூன்று பாக வரிசை 2013இல் 'அலீஜியன்ட்' நாவலோடு முடிந்தபோது, நாயகி இறந்துபோனதற்காக இளம் வாசகர்கள் கொதித்தார்கள். ஆசிரியரே அந்த முடிவைப் பற்றி விளக்கம் எழுத நேர்ந்தது. முதல் இரண்டு பாகங்களும் நாயகியின் குரலில் மட்டுமே சொல்லப்பட்டவை. மூன்றாவதில்தான் நாயகனும் 'நான்' என்று பேசத் தொடங்குகிறான். கதை சொல்ல இன்னொருவர் தேவைப்படுகிறார் என்பதே ஓர் எச்சரிக்கைதான். ஆயினும் இரண்டு பாகங்களாக ஒரே மூச்சில் வாழ்ந்துவிட்ட வாசகருக்கு அது போதவில்லை. நம்மிடம் கல்கியின் 'சிவகாமியின் சபதம்' இருக்கிறது. நரசிம்மவர்மர் பாண்டிய இளவரசியை மணந்துகொள்ள, சிவகாமி ஏகாம்பரநாதருக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறாள். அதைப் படித்துவிட்டு ஆற்றாமைப்படாதவர்கள் குறைவு. ஏமாற்றிவிட்டார் என்று சொல்பவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. தலைப்பே சபதத்தைப் பற்றித்தான் பேசுகிறது. காதலைப் பற்றி அது வாக்குக் கொடுக்கவில்லை. வாதாபி எரிகிறது, சபதம் நிறைவேறுகிறது, அதற்குக் காதல் விலையாகிறது. போதாததற்கு நான்காம் பாகத்துக்குச் 'சிதைந்த கனவு' என்றே பெயர் வைத்திருக்கிறார். அதே கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1954இல் முடித்தபோது வாசகர்களின் குறைகளுக்குத் தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இவ்வளவும் தெரிந்த நான், அவளுடைய நாவலின் முதல் அத்தியாயம் யாருக்கு என்ன வாக்குக் கொடுக்கிறது என்று திரும்பிப் படிக்காமலே கடைசி அத்தியாயத்தைத் திருத்தச் சொன்னேன். முதல் அத்தியாயம் கயிற்றில்தான் தொடங்குகிறது.

புத்தகம் வந்தது. ஐந்நூறு படிகள் அச்சிட்டார்கள். கணிசமான கட்டுகள் இன்னும் கிடங்கில் இருக்கின்றன. விற்பனையை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது என்பது எங்கள் தொழிலில் ஆறுதலுக்காகச் சொல்லப்படும் பேச்சு, பெரும்பாலும் உண்மையும்கூட. புத்தகக் கண்காட்சியில் ஒரு மாலை, பிளஸ் ஒன் படிப்பதாகச் சொன்ன ஒரு மாணவி அரங்குக்கு வந்தாள். முந்தைய வாரம் வாங்கிப் படித்துவிட்டாளாம். அவளுக்கு எழுதியவரைப் பார்க்க வேண்டும். எழுதியவர் வரவில்லை, நான்தான் எடிட்டர் என்றேன். எடிட்டர் என்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை. "அவன்தான் மறந்ததை எல்லாம் முடிச்சப் பாத்துச் சொல்லுவானே ஆன்ட்டி, கடைசில தன்னப் பத்தியும் சொல்லியிருக்கலாம்ல? ஏன் சும்மா எந்திரிச்சுப் போறான்?" என்றாள். நான் ஏதோ தியாகம் என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்ற அவளுடைய அம்மா நேரமாகிவிட்டது என்று கையைப் பிடித்து இழுத்ததால் தப்பினேன்.

விதியை உடைக்காமல், காதலையும் கைவிடாமல் ஒரு வழி அந்தக் கதைக்குள்ளேயே கயிறாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அது ஏன் எனக்குத் தெரியவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காரணமும் நான்தான். முதல் வரைவில் முடிச்சைத் தொட்டு அவன் கதை சொல்லும் இரவுகள் ஐந்து. ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது என்று சொல்லி அவற்றை இரண்டாகக் குறைத்தவள் நான். இரண்டில் நின்றபோது அது அழகான ஒரு பழக்கமாக மட்டும் தெரிந்தது. ஐந்தாக இருந்தபோது அது அந்தக் கதையின் இரண்டாவது விதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இதையும் முழுதாக ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஐந்தையும் வைத்திருந்தால் நடுப்பகுதி தொய்ந்திருக்கும், பாதியில் மூடிவைத்தவர்கள் முடிவு வரைக்கும் வந்தே இருக்க மாட்டார்கள். மீண்டும் அதே கைப்பிரதி வந்தால் மீண்டும் குறைப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நான்காகவாவது வைப்பேனோ என்னவோ.

கண்காட்சி முடிந்தபின் அவளைத் தொலைபேசியில் அழைத்து அந்த மாணவி சொன்னதைச் சொன்னேன். இப்போது அவள் என்னை 'அக்கா' என்கிறாள். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது எனக்கு அப்பவே தோணுச்சுக்கா. ஆனா நீங்க அழவெச்ச கதைதான் நிக்கும்னு சொன்னீங்களா, அதனால அவன் சொல்லிட்டா அழுகை வராதோன்னு விட்டுட்டேன்" என்றாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. எனக்கு அதுவே தாங்க முடியாததாக இருந்தது. பெயர் இல்லாத ஒரு முதல் நாவல்காரிக்கு, எதிரில் இருப்பவர் சொல்லும் ஒரு சாதுரியமான வாக்கியத்துக்கும் ஆலோசனைக்கும் உள்ள வித்தியாசம் தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கக் கூடாது. அதே நேரத்தில், தோன்றியதை வாய்விட்டுச் சொல்லாதது அவளுடைய பொறுப்பில்லையா என்ற கேள்வியும் உள்ளே எழுகிறது. எழுந்தவுடன், குறிப்பேட்டில் குனிந்திருந்த தலை கண்முன் வந்து அதை அமர்த்திவிடுகிறது.

போன மாதம், வேறு எதையோ தேடும்போது முதல் வரைவின் கோப்பு அகப்பட்டது. நீக்கிய மூன்று இரவுகளையும் உட்கார்ந்து படித்தேன். இரண்டு, நான் முன்பு முடிவுசெய்தபடியே, கூறியது கூறல்தான். அந்த அளவில் எனக்குச் சற்று நிம்மதி. மூன்றாவதில், அவளுடைய அப்பா ஒருநாள் தாயக்கட்டை உருட்டித் தோற்றுவிட்டு வாய்விட்டுச் சிரித்ததை அவன் நினைவூட்டுகிறான். பக்கத்தில் நான் போட்டிருந்த குறிப்பு அப்படியே இருந்தது: 'முன் அத்தியாயத்தோடு பொருந்தவில்லை, அப்பா அவள் பிறக்கும் முன்பே இறந்துவிட்டதாக இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. பிழை. நீக்கவும்.'

அது பிழையாக இருக்கலாம். முதல் நாவலில் அப்பாக்கள் இரண்டு முறை இறப்பதும், ஒருமுறைகூட இறக்காமல் காணாமல் போவதும் உண்டு. நானே எத்தனையோ திருத்தியிருக்கிறேன். அல்லது, அவள் இழந்த நினைவுகளை மீட்டுத் தருகிறவன் ஓர் இரவு, அவளுக்கு என்றுமே இல்லாத ஒன்றை முடிச்சுப் போட்டுக் கொடுத்திருக்கலாம். அப்படியானால் அந்த மாணவி கேட்ட முடிவும் அவ்வளவு எளிதன்று. தன்னை மறந்துவிட்டவளிடம், நாம் காதலித்தோம் என்று அவன் சொல்லும்போது அதை அவள் எதை வைத்து நம்புவாள்? அந்த ஒரு பக்கம் புத்தகத்தில் இருந்திருந்தால், அவன் ஏன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான் என்பதற்கு என்னிடம் தியாகத்தைவிட மேலான பதில் இருந்திருக்கும்.

அது பிழையா, பொய்யா என்று அவளிடம் கேட்க இரண்டு முறை எண்ணை அழுத்தப் போய் நிறுத்திவிட்டேன். கோப்பை மூடவில்லை. என் குறிப்பை மட்டும் அழித்துவிட்டு, அந்தப் பத்தியை இருந்த இடத்திலேயே விட்டுவைத்திருக்கிறேன்.