அலைன்மென்ட் செய்த பிறகும் லெஃப்டில் இழுத்த கார்

திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் நான்குவழிச் சாலையில் அடிக்கடி போய்வருகிறவன் நான். கொஞ்ச நாளாகவே ஸ்டியரிங்கை வலது பக்கம் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்தது. பிடியைத் தளர்த்தினால் கார் தானாக இடது ஓரத்துக்கு ஒதுங்கும். சாத்தூர் வருவதற்குள் தோள்பட்டை கடுக்க ஆரம்பித்துவிடும்.

யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "அலைன்மென்ட் பாருங்க." சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளந்து சரிசெய்வதுதான் அலைன்மென்ட், கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம். அதற்கு முன்னால் காற்றைப் பார்த்தேன். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காற்றழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். டயர் சூடேறாதபோது அளக்க வேண்டும். இடது முன் டயரில் கொஞ்சம் குறைவாக இருந்தது. சரிசெய்ததும் இழுப்பு சற்றுக் குறைந்த மாதிரி இருந்தது, ஆனால் போகவில்லை.

அடுத்து டயர் கடை. நான்கு சக்கரத்திலும் கிளாம்ப் மாட்டி, திரையில் சிவப்பாக இருந்த டோவை, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணத்தை, பச்சைக்குக் கொண்டுவந்து, சரிசெய்வதற்கு முன்னும் பின்னுமான அளவுகளை அச்செடுத்துக் கொடுத்தார்கள். என்னுடையது போன்ற சின்ன கார்கள் பலவற்றில் முன்பக்கம் எளிதாகத் திருப்பி வைக்கக்கூடியது இந்த டோ ஒன்றுதான். டோ கெட்டால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், டயர் ஓரம் தேயும். ஒரு பக்கமாக இழுக்க வைப்பது பெரும்பாலும் கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) காஸ்டரும் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு சாய்ந்திருக்கும் கோணம்). இரண்டு பக்கக் கேம்பருக்கும் நடுவில் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்படலாம் என்பார்கள். என் தாளில் அப்படி எதுவும் இல்லை. எல்லாம் பச்சை. கடையை விட்டு வெளியே வந்தேன், கார் லெஃப்டில் இழுத்தது.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "ஃபிரண்ட் டயர் ரெண்டையும் இடம் மாத்திப் பாப்போம் சார்" என்றார் அங்கே இருந்த பையன். உருப்படியான யோசனை. ரேடியல் டயர் உள்ளே கொஞ்சம் ஏறுமாறாக அமைந்துவிட்டால் அதுவே வண்டியை ஒரு பக்கம் தள்ளும். இடம் மாற்றியதும் இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான் காரணம். பக்கச்சுவரில் அம்புக்குறி போட்ட டயர்களை மட்டும் இப்படி மாற்றக் கூடாது. எனக்கு மாற்றிய பிறகும் அதே லெஃப்ட்.

அப்புறம்தான் கோவில்பட்டியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "சும்மா ஓடும்போது இழுக்கா, பிரேக் புடிச்சா இழுக்கா?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. யோசித்துப் பார்த்தால் விசித்திரமாக இருந்தது: ஓடும்போது இடது பக்கம், அழுத்திப் பிரேக் பிடித்தால் வலது பக்கம் ஒரு வெட்டு. இரண்டு கோளாறு என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஒரே கோளாறுதான் சார்" என்றார்.

பைபாஸில் ஒரு சுற்று போய்வரச் சொன்னார், முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல். வந்ததும் வலது முன் ரிம் அருகே புறங்கையை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பு. இடது ரிம்மில் அடுப்புச் சட்டி மாதிரி அனல். நீங்கள் செய்து பார்த்தால் ரிம்முக்குப் பக்கத்தில் கையைக் காட்டினால் போதும், சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டான டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள்.

ஜாக்கி வைத்துத் தூக்கினோம். நியூட்ரலில் போட்டு வலது சக்கரத்தைக் கையால் சுழற்றினால் நன்றாகச் சுற்றியது. இடது சக்கரம் அரைச் சுற்றிலேயே நின்றது. சக்கரத்தைக் கழற்றியதும், பிரேக் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கேலிபரின் பின்பக்கம் இருக்கும் பிளீடர் நிப்பிளை, அதாவது பிரேக் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகை, லேசாகத் திறந்தார். இங்கே நான் கவனித்துக் கற்றுக்கொண்ட விஷயம் இது: நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விடுபட்டால், பிரேக் ஆயில் அழுத்தம் திரும்பிப் போக முடியாமல் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். ஆயில் வரும் பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கலாம். விடுபடாவிட்டால் கோளாறு கேலிபரிலேயே. எனக்கு இரண்டு சொட்டு ஆயில் வந்தது, டிஸ்க் அசையவில்லை.

கேலிபரைக் கழற்றினால் கதை அங்கே இருந்தது. கேலிபர் உள்ளும் வெளியும் நகர்வதற்கு இரண்டு பின்கள், அதாவது உலோகக் குச்சிகள், உண்டு. கீழ்ப் பின்னின் ரப்பர் உறை கிழிந்து, மழைத்தண்ணீர் புகுந்து, கிரீஸ் காய்ந்து கருந்தாராகி, பின் துருப்பிடித்து இறுகியிருந்தது. உட்பக்க பிரேக் பேட் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்க, வெளிப்பக்கப் பேடில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம். கேலிபர் நகர முடியாததால் பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே வந்திருக்கிறது, அதனால் லெஃப்ட். அழுத்திப் பிடிக்கும்போது அதே சக்கரத்தால் இரண்டு பக்கமும் சரியாகக் கவ்வ முடியவில்லை, வலது சக்கரம் மட்டும் முழுதாகப் பிடித்தது, அதனால் ரைட். கொஞ்ச நாளாக மைலேஜ் குறைந்ததற்கும் காரணம் கிடைத்துவிட்டது.

பின்னை அடித்து உருவவே நேரமாயிற்று. எமரி தாள் போட்டுத் தேய்த்தும் சொரசொரப்பு போகாததால் புதுப் பின், புது உறை வாங்கிவரச் சொன்னார். கிரீஸ் மட்டும் பிரேக்குக்கென்றே வருகிற சிலிக்கான் வகை. கடையில் கிடைக்கிற சாதாரண மஞ்சள் கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதி, அந்தப் பின் மறுபடி இறுகும் என்றார். இடது, வலது இரண்டு முன் சக்கரத்துக்கும் பேட் புதிது போட்டோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது புதிதாக ஒரு இழுப்பை நாமே விலைக்கு வாங்கின மாதிரி ஆகிவிடும். மொத்தச் செலவில் பேட் விலைதான் பெரிது.

இப்போது பிரேக் பிடித்தால் நேராக நிற்கிறது. நான்குவழிச் சாலையில் கையை விட்டால் மட்டும் வெகுநேரம் கழித்து மெல்ல இடது பக்கம் போகிறது. "அது ரோடு சார், வண்டி இல்ல" என்றார் அண்ணாச்சி. மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சாலையை ஓரத்தை நோக்கி 2 முதல் 2.5 சதவீதம் சரித்துத்தான் போடுகிறார்கள். சந்தேகத்துக்கு ஒரு விடிகாலையில் ஊருக்குள் போகும் பழைய சாலையில், எதிரே வண்டி ஏதும் இல்லாதபோது, நடு மேட்டில் ஓட்டிப் பார்த்தேன். நேராகவே போனது. அந்த மிச்சத்தையும் எடுத்துவிடுகிறேன் என்று டயர் கடையில் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.