‘வேறு’ என்ற கட்டம்

நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் குடியிருப்பு நிலை குறித்துத் தகவல் திரட்டும் பணியில் சில ஆண்டுகள் இருந்தேன். பொருளாதார, சமூக, கலாசார உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980 ஜூன் 11 அன்று இணைந்தது. அதன்படி இவ்வுரிமைகளின் நிலை பற்றி ஐக்கிய நாடுகள் குழுவுக்கு அறிக்கை அளிக்கும் கடமை அரசுக்கு உண்டு. சிவில் அமைப்புகளும் தங்கள் அறிக்கைகளைத் தனியாக அனுப்பலாம். நாங்கள் திரட்டியது அப்படியோர் அறிக்கைக்காகத்தான்.

எங்கள் படிவத்தில் வீட்டுரிமைக்கு மூன்று கட்டங்கள் இருந்தன: சொந்தம், வாடகை, வேறு. ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில், கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். லயம் எனப்படும் தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், அவருடைய காம்பராவின் (அறை வீட்டின்) தரை புதிதாகச் சீமெந்து பூசப்பட்டுப் பளபளத்தது. கொழும்பில் கடையொன்றில் நிற்கும் மகன் அனுப்பிய பணத்தில் கூரைத் தகரமும் மாற்றியிருந்தார்கள்.

"எதைச் சொல்லட்டும் மிஸ்? வாடகை கட்டல்ல, சொந்தமும் இல்ல. வீட்டுல ஒருத்தராவது மலைக்கு வேலைக்குப் போற வரைக்கும்தான் இந்தக் காம்பரா."

நான் ‘வேறு’ என்ற கட்டத்தில் அடையாளமிட்டேன். மாலையில் படிவங்களை அடுக்கியபோது அந்த லயம் முழுவதும் அதே கட்டத்தில்தான் விழுந்திருந்தது. முகவரிப் பகுதியிலும் எல்லோருக்கும் தோட்டத்தின் பெயர் மட்டுமே இருந்தது. வீட்டுக்கென்று இலக்கம் இல்லாததால் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறித்தான் வீடு சேர வேண்டும். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வுநாள் கழிந்து கைக்குக் கிடைத்த ஒரு பிள்ளையை அதே லயத்தில் சந்தித்தேன். அவள் கடித உறையைக்கூடப் பத்திரமாக வைத்திருந்தாள்.

நாடு முன்னேறவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர்களாக்கிய தோட்ட மக்களின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெருமளவில் தீர்ந்தது. 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதன் பயனை, இன்று மலையகத்திலிருந்து வரும் ஆசிரியர்களின் எண்ணிக்கையிலேயே காணலாம். ஆனால் காணி அசையவில்லை. அதே 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு என்ற ஏற்பாட்டில், நான்கைந்து தலைமுறைகளாக அங்கேயே பிறந்து இறந்தவர்களுக்கு எந்த இடமும் வகுக்கப்படவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும்வரை, இம்மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபையே தோட்டத்துப் பாதைக்குச் செலவிடச் சட்டத் தடை இருந்தது என்பதை வெளியூர் நண்பர்களிடம் சொன்னால் அவர்கள் நம்பத் தயங்குவார்கள்.

எங்கள் பணியிலும் ஒரு தவறு இருந்தது. அந்தப் படிவத்தை வரைந்தவர்களில் நானும் ஒருத்தி. உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரை போதுமான வீட்டுவசதியை உரிமையாக ஏற்கிறது. அதை விளக்கி ஐ.நா. குழு 1991இல் வெளியிட்ட பொதுக் கருத்துரை ஏழு அம்சங்களைக் கூறுகிறது. முதலாவது, வலுக்கட்டாயமாக வெளியேற்றப்படாதபடி சட்டப் பாதுகாப்போடு குடியிருப்பது. நாங்களோ கூரை, மலசலகூடம், குடிநீர், மின்சாரம் ஆகியவற்றைத் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, அந்த முதல் அம்சத்தை ‘வேறு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒதுக்கியிருந்தோம். அந்தத் தகவலோடு ஐ.நா. குழு கூடும் ஜெனீவாவுக்குப் போயிருந்தால், தகரம் மாற்றிய அம்மாவும் முன்னேற்றத்தின் கணக்கில் சேர்ந்திருப்பார்.

அடுத்த சுற்றில் இரண்டு கேள்விகளைச் சேர்த்தோம்: காணிக்கு உறுதிப்பத்திரம் (உரிமைப் பத்திரம்) உண்டா, அது யார் பெயரில் உள்ளது. 2023 பெப்ரவரியில் ஐ.நா. குழு இலங்கையின் அறிக்கையைப் பரிசீலித்தபோது, என் மனம் அந்த இரண்டு கேள்விகளையே சுற்றிக்கொண்டிருந்தது.

தோட்ட மக்களுக்காக ஏழு பேர்ச்சஸ் (நில அளவு) காணியில் கட்டிய புது வீடுகளுக்கும் அந்தப் படிவத்தோடு போனேன். ஒரு வீட்டில், மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கோப்பை எடுத்து வந்தார்கள். பிறப்புச் சான்றிதழ்களுக்கும் கிளினிக் அட்டைக்கும் இடையில், மடிப்பு கலையாத ஒரு தாள் இருந்தது. வீட்டுக்காரம்மா அதை என்னிடம் நீட்டி, "இதுதானே மிஸ் உறுதி?" என்று கேட்டார். திறப்பு விழா அன்று வீட்டைக் கையளித்ததாகக் கூறும் கடிதம் அது. இரண்டு முறை வாசித்துவிட்டு, "இல்லைம்மா" என்றேன். அவர் அதை அதே மடிப்பில் மடித்து, கிளினிக் அட்டைக்குக் கீழே திரும்ப வைத்தார்.